கட்டானா, கேட்டானா? புதுசா ஆட வர்றவங்களுக்கு

Catanனு ஒரு போர்டு கேம், பெட்டி மேல இருக்கிற அந்தப் பேர எப்பிடி வாசிக்கிறதுங்கிறதுலயே எங்க வீட்ல மொத பஞ்சாயத்து. நான் கட்டான்னு சொன்னேன், மாமா பையன் கேட்டான்னுதான் சொல்லுவேன்னு அடம்புடிச்சான், அடுப்படில இருந்த சித்தி "யாருடா கேட்டான், என்னத்தக் கேட்டான்"னு எட்டிப் பாத்தாங்க. ஜெர்மன்காரய்ங்க சொல்றதுக்கு கட்டான்தான் கிட்டத்துல வரும். ஆனா ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம சாயங்காலம் மொட்டமாடில பாய விரிச்சு ஆடின அனுபவத்துல சொல்றேன், இந்த ஆட்டத்துக்குப் பொருத்தமான பேரு கேட்டான்தான். வாயத் தொறந்து கேட்டவன் ஜெயிக்கிறான். டைஸ் சரியில்ல டைஸ் சரியில்லன்னு பொலம்பிக்கிட்டு கம்முனு உக்காந்திருக்கிறவன் கட்டான், அதாவது கடைசி வரைக்கும் எதையும் கட்ட மாட்டான்.

இத எழுதுறது இப்பத்தான் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு பெட்டியப் பிரிச்சவங்களுக்கு, இல்லன்னா ஃப்ரெண்டு வீட்ல ஒரு கை கொறையுதுன்னு இழுத்து உக்கார வச்சவங்களுக்கு. ஏற்கனவே நூறு ஆட்டம் ஆடின கைகள் இங்கயே எறங்கிக்கலாம்.

கத ரொம்ப வேண்டாம். க்ளவுஸ் டாய்பர்னு ஒரு ஜெர்மன்காரர், பல் செட் செய்யிற டெக்னீஷியனா வேல பாத்துக்கிட்டே வீட்ல ஆட்டம் கண்டுபுடிச்சுக்கிட்டு இருந்தவர், 1995ல இத வெளியிட்டாரு, அந்த வருசமே அங்க வருசத்துக்கு ஒரு ஆட்டத்துக்குக் குடுக்கிற பெரிய விருதும் வாங்குச்சு. அவரு 2023ல தவறிட்டாரு. அவ்ளோதான், ஆட்டத்துக்கு வருவோம்.

மொதல்ல ரூல ஒரே மூச்சுல

அறுகோண அட்டை 19 இருக்கும். காடு 4, கோதுமை வயல் 4, ஆடு மேயிற புல்லுத்தரை 4, செங்கல் 3, மலை 3, பாலைவனம் 1. மலைல கெடைக்கிறத புத்தகத் தமிழ்ல தாதுன்னு சொல்லணும், எங்க வீட்ல இரும்பு. காட்டுல கெடைக்கிறது கட்டை. பாலைவனத்துல ஒண்ணும் கெடைக்காது, திருடன் மொத அங்கதான் நிப்பான். மூணு அட்ட சேர்ற எடத்துல, அதாவது முக்குல, உங்க வீட்ட வைக்கணும். பாலைவனத்தத் தவிர ஒவ்வொரு அட்ட மேலயும் ஒரு நம்பர் வில்ல இருக்கும், யாரு டைஸ் உருட்டினாலும் சரி, அந்த நம்பர் விழுந்தா அந்த அட்டைய ஒட்டி வீடு இருக்கிற எல்லாருக்கும் அந்தச் சரக்கு ஒரு கார்டு. தாயத்துல தாயம் விழுகாம அரை மணி நேரம் ஓரமா உக்காந்திருப்போம்ல, அந்தக் கொடும இங்க கெடையாது, அடுத்தவன் உருட்டினாலும் நமக்கு வரும்.

கட்டுறதுக்கு: ரோடுன்னா செங்கல் 1, கட்டை 1. வீடுன்னா செங்கல், கட்டை, ஆடு, கோதுமை நாலும் ஒவ்வொண்ணு. அந்த வீட்ட சிட்டியா மாத்த இரும்பு 3, கோதுமை 2, மாத்திட்டா அந்த எடத்துல ஒண்ணுக்கு ரெண்டா சரக்கு வரும். டெவலப்மென்ட் கார்டு (சுருக்கமா டெவ் கார்டு, அதுல என்ன இருக்குன்னு பின்னாடி வரும்) வாங்க இரும்பு, ஆடு, கோதுமை ஒவ்வொண்ணு. வீட்டுக்கு 1 பாயிண்ட், சிட்டிக்கு 2, நீள ரோட்டுக்கு 2, பெரிய படைக்கு 2, இந்த ரெண்டும் என்னன்னு பின்னாடி சொல்றேன். மொதல்ல 10 பாயிண்ட்டோட தன் முறைல நிக்கிறவங்க ஜெயிச்சாங்க. ஒரு வீட்டுக்கு அடுத்த முக்குல இன்னொரு வீடு வரக்கூடாது, நடுவுல ஒரு முக்கு காலியா இருக்கணும், இத மறந்துட்டுத்தான் புதுசா வர்றவய்ங்க பாதிப் பேரு ப்ளான் போடுவாய்ங்க.

வீடு வைக்கிறதுக்கு முன்னாடி போர்ட வாசிங்க

இந்த எடத்துல அவசரப்படாதீங்க. யாராவது "சட்டுபுட்டுன்னு வைய்யி மாப்ள"ன்னு சொல்லுவாய்ங்க, கண்டுக்காதீங்க, மொத ரெண்டு வீடு வைக்கிறதுலயே பாதி ஆட்டம் முடிஞ்சு போகுது.

நம்பர் வில்லையப் பாருங்க, நம்பருக்குக் கீழ குட்டிக் குட்டியா புள்ளி இருக்கும். அது அழகுக்குப் போட்டதில்ல. ரெண்டு டைஸ் உருட்டினா மொத்தம் 36 விதமா விழுகலாம், அதுல அந்த நம்பர் எத்தன விதமா வரும்னு சொல்றதுதான் அந்தப் புள்ளி. 6க்கும் 8க்கும் 5 புள்ளி, செவப்புக் கலர்ல போட்டிருக்கும். 5க்கும் 9க்கும் 4. 4க்கும் 10க்கும் 3. 3க்கும் 11க்கும் 2. 2க்கும் 12க்கும் ஒண்ணே ஒண்ணு. 7தான் எல்லாத்தையும் விட அதிகமா விழும், 6 விதம், ஆனா 7க்கு வில்லையே கெடையாது, அது திருடன் நம்பர்.

இப்ப ஒரு முக்க எடுத்துக்கிட்டு அதச் சுத்தி இருக்கிற மூணு வில்லையோட புள்ளியக் கூட்டுங்க. செவப்பு நம்பர் ரெண்டு பக்கத்துல பக்கத்துல வரக்கூடாதுன்னு வச்சு ஆடினா ஒரு முக்குல வரக்கூடிய உச்சம் 5, 4, 4 மொத்தம் 13. பத்துக்கு மேல கெடச்சா நல்ல எடம். ஏழு எட்டு புள்ளி இருக்கிற எடத்துல போய் மொத வீட்ட வச்சிட்டு அப்பறம் டைஸ திட்டக்கூடாது.

அடுத்து, இந்த போர்டுல எந்தச் சரக்கு பஞ்சம், எது கொட்டிக் கெடக்குன்னு பாருங்க. இதத்தான் யாரும் செய்யிறதில்ல. போர்டு முழுக்க 58 புள்ளி, அதச் சரக்கு வாரியா பிரிச்சுப் பாத்தா போதும், ஒரு நிமிசம்கூட ஆகாது. ஒரு ஆட்டத்துல எங்களுக்கு செங்கல் மூணும் 3, 11, 12ல போய் மாட்டுச்சு, மொத்தமே 5 புள்ளி. ஆடு 6, 8, 5, 10ல, 17 புள்ளி. சாதாரண நாள்ல செங்கல் ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, ஆனா அன்னிக்கு செங்கல் வச்சிருந்தவன்தான் ராஜா, ஒரு செங்கலுக்கு மூணு ஆடு கேட்டான், குடுத்தோம். முகூர்த்த நாள்ல மதுர மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி வெல என்ன ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தனியா சொல்லணுமா, அதே பூதான், மொத நாள் சீந்த ஆளில்லாம கெடந்திருக்கும்.

மொத ரெண்டு வீடு

நாலு பேர் ஆடினா 1, 2, 3, 4ன்னு மொத வீடு வைப்பாங்க, அப்பறம் திரும்பி 4, 3, 2, 1ன்னு ரெண்டாவது வீடு. அதாவது மொத ஆளு போர்டுலயே நல்ல எடத்தப் புடிச்சுருவான், ஆனா அவன் ரெண்டாவது வைக்கிறதுக்குள்ள ஆறு வீடு வந்துரும், மிச்சம் மீதிதான். நாலாவது ஆளுக்கு ரெண்டையும் சேத்து வைக்கிற வசதி, அதனால கடைசில உக்காந்தவங்க ரெண்டு வீட்டயும் ஒரு ஜோடியா யோசிங்க. ஒண்ணுல இல்லாதது இன்னொண்ணுல இருக்கணும்.

என்ன பாக்கணும்னா, முடிஞ்ச வரைக்கும் வேற வேற நம்பர். நான் ஆடின மொத ஆட்டத்துல ரெண்டு வீட்டயும் ஒரே 8 இரும்பு மலையோட ரெண்டு பக்கத்துல வச்சேன், 8 விழுந்தா ரெண்டு இரும்புன்னு கணக்கு. 8 விழுகவும் செஞ்சுச்சு. மூணாவது ரவுண்டுல 7 விழுந்து என் தங்கச்சி திருடனத் தூக்கி அந்த மலை மேல உக்கார வச்சா, முக்கா மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தான், எனக்கு அந்த மலைல இருந்து ஒரு துரும்பு வரல. ஒரே எடத்துல எல்லாத்தையும் போட்டா திருடனுக்கு ஒரு தடவ வந்தாப் போதும். 5, 6, 8, 9, 10ன்னு பரவலா இருந்தா ஒவ்வொரு ரவுண்டும் ஏதோ ஒண்ணு கைக்கு வந்துக்கிட்டே இருக்கும், கைல கார்டு இருந்தாத்தான் பேரம் பேச வாய் வரும்.

சரக்கப் பொறுத்த வரைக்கும், அஞ்சும் வேணும்னு ஆசப்பட்டு புள்ளி கொறஞ்ச எடத்துக்குப் போகாதீங்க, நாலு நல்லா வந்தாலே போதும், அஞ்சாவத கேட்டு வாங்கிக்கலாம். ஆனா கோதுமை இல்லாம மட்டும் எறங்காதீங்க. வீட்டுக்கு கோதுமை வேணும், சிட்டிக்கு வேணும், டெவ் கார்டுக்கு வேணும், ரோட்டுக்கு மட்டும்தான் வேண்டாம். கோதுமை இல்லாதவன் ஒவ்வொரு முறையும் கைய நீட்டிக்கிட்டே இருப்பான், நீட்டுறவன்ட்ட யாரும் கம்மியா கேக்க மாட்டாய்ங்க.

ரெண்டாவது வீடு வச்ச உடனே அதச் சுத்தி இருக்கிற அட்டைல இருந்து ஒவ்வொரு கார்டு கெடைக்கும், மொத வீட்டுக்குக் கெடைக்காது. அதனால புள்ளி ஏறக்கொறைய சமமா இருந்தா கட்டையும் செங்கலும் இருக்கிற எடத்த ரெண்டாவதா வைங்க, மொத முறைலயே ஒரு ரோடு போட்டுரலாம்.

வீட்டோட சேத்து வைக்கிற ரோட எந்தப் பக்கம் திருப்புறது? இதுல ஒரு சின்ன சூட்சுமம். கண்ணு முன்னாடி ஒரு சூப்பரான முக்கு காலியா இருக்கும், அத நோக்கி ரோட வைப்பீங்க, உங்களுக்கு அப்பறம் வீடு வைக்கிற மூணு பேருல ஒருத்தன் அதுலயே வந்து உக்காந்துருவான், ரோடு வீணாப் போச்சு. உங்களுக்குப் பின்னாடி இன்னும் எத்தன வீடு வரணும்னு எண்ணிப் பாருங்க, அத்தன நல்ல எடத்தக் கழிச்சுட்டு அதுக்கு அடுத்த எடத்துக்கு ரோட வைங்க.

எந்த வழில போறது

பெரும்பாலும் ரெண்டு வழி. கட்டையும் செங்கலும் நல்லா வந்தா வேகமா ரோடு போட்டு வீட்டப் பரப்பி எடத்தப் புடிக்கிறது, நீள ரோட்டையும் சேத்து வாங்கிக்கிறது. இரும்பு, கோதுமை, ஆடு நல்லா வந்தா இருக்கிற எடத்துலயே சிட்டி கட்டி டெவ் கார்டா வாங்கித் தள்றது. நாலு பேர் ஆட்டத்துல போர்டு சீக்கிரமே அடச்சுக்கும், அதனால எனக்கு ரெண்டாவது வழிதான் புடிக்கும். ஆனா அதுல போறவங்களும் மூணாவது வீட்ட மட்டும் சீக்கிரம் வச்சிரணும், ரெண்டே எடத்த வச்சுக்கிட்டு சிட்டிக்கு இரும்பு சேக்குறேன்னு உக்காந்திருந்தா சுத்தி எல்லா முக்கும் போயிரும்.

ஒவ்வொருத்தருக்கும் வீடு 5, சிட்டி 4, ரோடு 15தான் பெட்டில இருக்கும். அஞ்சு வீடும் போர்டுல போயிட்டா ஆறாவது கட்ட முடியாது, ஒண்ண சிட்டியாக்கினாத்தான் அந்த வீடு கைக்குத் திரும்ப வரும். கட்டையும் செங்கலுமா வச்சுக்கிட்டு இரும்பே இல்லாம கடைசில முழிக்கிறவங்கள நெறைய பாத்துட்டேன். (எங்க பெட்டில நீலக் கலர் ரோடு ரெண்டு காணாமப் போய் தீக்குச்சிய வச்சு ஓட்டுறோம், அது வேற கத.)

நீள ரோடுங்கிறது புதுசா வர்றவங்களுக்கு ஒரு போத. அஞ்சு ரோடு சேர்ந்தா 2 பாயிண்ட், உண்மதான். ஆனா அடுத்தவன் ஒரு ரோடு கூடப் போட்டா அந்த 2 அவனுக்குப் போயிரும், உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல ஒரே அடில நாலு பாயிண்ட் மாறிப்போகும். சமமா வந்தா பரவால்ல, கைல வச்சிருக்கிறவங்ககிட்டயே இருக்கும். நான் ஒரு தடவ ஒம்போது ரோடு போட்டு வளச்சு வளச்சுப் போயிட்டு இருந்தேன், தங்கச்சி நைசா பக்கத்துல வந்து நடு முக்குல ஒரு வீட்ட வச்சா, அடுத்தவங்க வீடு வந்தா ரோடு அங்கயே வெட்டுப்படும், நாலும் அஞ்சுமா ரெண்டு துண்டு. அந்த ஆட்டத்த 4 பாயிண்ட்டோட முடிச்சேன். ரோடு போடும்போது அது எந்த முக்குக்குப் போய்ச் சேருதுன்னு தெரிஞ்சு போடுங்க, சும்மா போட்டா மாசி வீதில சுத்துற மாதிரி நாலு வீதியும் நடந்துட்டு கெளம்பின எடத்துக்கே வந்து நிப்பீங்க.

கேளுங்க, ஆனா எப்பிடிக் கேக்கணும்

இப்பத்தான் விஷயத்துக்கே வர்றோம். எங்க சித்தி பூ மார்க்கெட்ல இருபது வருசமா யாவாரம் பண்றாங்க, போர்டு கேம்னா என்னன்னே தெரியாது, ஒரு நாள் ஆள் கொறையுதுன்னு உக்கார வச்சோம், அவங்க ரெண்டாவது ஆட்டத்துலயே ஜெயிச்சாங்க. புள்ளிக் கணக்கெல்லாம் அவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவங்க பேரம் பேசுறதப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்.

நாங்க எல்லாரும் எப்பிடிக் கேப்போம்னா, "யார்ட்டயாவது கட்டை இருக்கா, எனக்கு கட்டை வேணும், ப்ளீஸ்". அவ்ளோதான், தேவைய மொதல்லயே ஒளறிட்டோம், வெல ஏறிருச்சு. சித்தி முறைய மாத்திப் போடுவாங்க.

மாமா பையன் முறை அன்னிக்கு. கார்ட மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"என்ன மருமகனே, ரொம்ப யோசிக்கிற. உனக்கு என்ன கொறையுது?"

"ஒரு கட்ட இருந்தா வீடு கட்டிருவேன் அத்த."

"கட்டையா." கைல இருக்கிறத ஒரு தடவ விரிச்சுப் பாத்துட்டு மூடி வச்சாங்க. "எங்கிட்ட ஒண்ணு கெடக்கு, ஆனா நான் ரோடு போடணும்ல. நீ என்ன தருவ?"

"ஒரு கோதும."

"ஒரு கோதும பேங்க்குல போட்டா என்னப்பா தருவாய்ங்க? அங்க நாலு கேக்குறாய்ங்க. நீ ரெண்டு குடு, நான் என் ரோட அடுத்த முறை போட்டுக்கிறேன்."

ரெண்டு கோதுமையக் குடுத்துட்டு "தேங்க்ஸ் அத்த"ன்னு வேற சொன்னான். அவங்க கைல இருந்தது மூணு கட்டை, அப்பறம்தான் தெரிஞ்சுச்சு.

இதுக்குள்ளயே எல்லாம் இருக்கு. மொதல்ல எதிராளிக்கு என்ன வேணும்னு கேக்குறது. அவன் வாயால சொல்ல வச்சா வெலைய நீங்க சொல்லலாம். ரெண்டாவது, பேங்க் வெலைய ஞாபகப்படுத்துறது. பேங்க்ல ஒரே சரக்கு நாலு குடுத்தாத்தான் ஒண்ணு, அதனால மூணுக்கு ஒண்ணு கேட்டாக்கூட எதிராளிக்கு அது லாபம் மாதிரிதான் தெரியும். மூணாவது, கைல எவ்ளோ இருக்குன்னு முகத்துல எழுதி ஒட்டாம இருக்கிறது. கார்டு எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியும், என்ன கார்டுன்னு யாருக்கும் தெரியக் கூடாது.

ஒரு ரூல் ஞாபகம் வச்சுக்கங்க, யாரு முறையோ அவங்ககூட மட்டும்தான் பேரம். மத்த ரெண்டு பேரு தங்களுக்குள்ள மாத்திக்க முடியாது. அதனால உங்க முறை வர்ற வரைக்கும் மொபைல நோண்டிக்கிட்டு இருக்காதீங்க, அடுத்தவன் முறைலதான் உங்களுக்கும் யாவாரம். மூணு பேர் முறைலயும் ஒரு யாவாரம் முடிச்சா ஒரு ரவுண்டுக்கு நாலு தடவ உங்க கை சீராகுது, கம்முனு இருக்கிறவனுக்கு ஒரு தடவதான். சும்மா தூக்கிக் குடுக்கிறதும் கூடாது, ஒரு கார்டாவது பதிலுக்கு வாங்கணும்.

அப்பறம், குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நொடி: இத வாங்கி இவன் என்ன கட்டப் போறான்? ரோடு போட்டு உங்க முக்கத்தான் அடைக்கப் போறான்னா பத்து ஆடு குடுத்தாலும் குடுக்காதீங்க. யாருக்கு என்ன வந்துச்சுன்னு பாத்துக்கிட்டே இருந்தா இது சுலபமா தெரியும், டைஸ்ல வர்ற சரக்கு எல்லாமே எல்லார் கண்ணு முன்னாடியும்தான் வருது, திருடன் உருவுற கார்டு மட்டும்தான் மறைவு. பேங்க்ல இருந்து ரெண்டு இரும்பு எடுத்தவன் "எங்கிட்ட இரும்பே இல்ல"ன்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே அவன் கையப் பாருங்க, தன்னால குடுப்பான்.

"அடுத்த ரவுண்டு உனக்கு ஆடு தர்றேன்"னு கடன் சொல்றதுக்கு ரூல்ல எந்த மதிப்பும் இல்ல, குடுக்கலன்னா ஒண்ணும் கேக்க முடியாது. ஆனா குடுக்காம விட்டவன்கூட அடுத்த ஞாயிறு யாரும் பேரம் பேச மாட்டாய்ங்க, எங்க வீட்ல ஒருத்தருக்கு அந்த நெலம ஆறு மாசம் இருந்துச்சு.

முன்னாடி போயிக்கிட்டு இருக்கிற ஆளோட மட்டும் யாவாரத்த நிறுத்துங்க. 7, 8 பாயிண்ட்ல நிக்கிறவங்களுக்கு எந்த வெலைக்கும் விக்காதீங்க. இதையே திருப்பிப் பாத்தா, நீங்க சீக்கிரமே முன்னாடி போயிட்டா உங்களுக்கு யாரும் விக்க மாட்டாய்ங்க, அதனால கொஞ்சம் பின்னாடி தெரியிற மாதிரி வர்றது நல்லது. "எங்க எனக்கு வருது"ன்னு அப்பப்ப சலிச்சுக்கிறதும் ஒரு கலை.

7, திருடன், வாடுற பூ

7 விழுந்தா மூணு விஷயம் நடக்கும். கைல 7க்கு மேல கார்டு வச்சிருக்கிறவங்க எல்லாரும் பாதியக் கீழ போடணும், ஒத்தப்படைன்னா கொறச்சு எண்ணிக்கலாம், 9 இருந்தா 4. உருட்டினவங்க திருடன வேற அட்டைக்கு நகத்தணும், அந்த அட்டைல சரக்கு வராது. அந்த அட்டைய ஒட்டி வீடு இருக்கிற ஒருத்தர்ட்ட இருந்து பாக்காம ஒரு கார்டு உருவலாம்.

புதுசா வர்றவங்க "அடுத்த முறை சிட்டி கட்டிருவேன்"னு எட்டு ஒம்போது கார்ட கைல வச்சுக்கிட்டு முறைய முடிப்பாங்க. நாலு பேர் ஆட்டத்துல நீங்க மறுபடி செலவு பண்றதுக்குள்ள நாலு தடவ டைஸ் உருளும், மூணு அவங்களோடது, ஒண்ணு உங்களோடது, ஏன்னா உங்க முறைலயும் உருட்டினப்பறம்தான் கட்ட முடியும். அந்த நாலுல ஒரு 7ஆவது விழுகிறதுக்கு 1296ல 671 வாய்ப்பு, அதாவது பாதிக்கும் மேல. சித்தி இதக் கணக்கே போடாம சொன்னாங்க, "சாயங்காலம் ஆயிருச்சுன்னா மல்லிய வந்த வெலைக்குத் தள்ளிரணும், வச்சுப் பாத்தா வாடிரும்". எட்டாவது கார்டு சாயங்கால மல்லி. ரெண்டு ஆடு குடுத்து ஒரு செங்கல் வாங்கினாக்கூட கைல ஒரு கார்டு கொறையுதுல்ல, ஒரு ரோடு போட்டுட்டா இன்னும் ரெண்டு கொறையும்.

திருடன எங்க வைக்கிறது? மனசுல இருக்கிற கோவத்த வச்சு வைக்காதீங்க, அதான் எல்லாரும் பண்றது, "நீ போன தடவ எம்மேல வச்சேல்ல". யாரு முன்னாடி இருக்காங்களோ அவங்களோட புள்ளி அதிகமான அட்டை மேல, அதுவும் உங்க வீடு அதுல ஒட்டாம இருந்தா. கார்டு உருவும்போது உங்களுக்கு வேண்டிய சரக்கு யார்ட்ட இருக்குன்னு எண்ணி வச்சிருந்தீங்கன்னா அது இங்க உதவும்.

டெவ் கார்டும் துறைமுகமும்

25 கார்டுல 14 வீரன், 5 பாயிண்ட் கார்டு, மிச்சம் ரெண்டு ரெண்டா மூணு வகை: ரெண்டு ரோடு இலவசம், பேங்க்ல இருந்து எந்த ரெண்டு கார்டும் இலவசம், அப்பறம் மொனோபொலி. வாங்கின முறைலயே போட முடியாது, ஒரு முறைக்கு ஒண்ணுதான். பாயிண்ட் கார்டுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்ல, 10 வந்துச்சுன்னா அப்பவே காட்டலாம்.

வீரன டைஸ் உருட்டுறதுக்கு முன்னாடியே போடலாம்ங்கிறது நெறைய பேருக்குத் தெரியாது. திருடன் உங்க 8 மேல உக்காந்திருந்தா மொத வீரனப் போட்டு அவனக் கெளப்பிட்டு அப்பறம் உருட்டுங்க. மூணு வீரன் போட்டா பெரிய படை.

மொனோபொலி போட்டா நீங்க சொல்ற ஒரு சரக்கு மொத்தமும் எல்லார் கைல இருந்தும் உங்களுக்கு வந்துரும். இத அவசரப்பட்டு போடாதீங்க, கோதுமை மழையா விழுந்த ரவுண்டு வரைக்கும் காத்திருங்க. உங்க இரும்ப எல்லாம் வித்துட்டு வேண்டியத வாங்கிக்கிட்டு, அதே முறைலயே மொனோபொலி போட்டு இரும்ப எல்லாம் திரும்ப வாங்குறதும் ரூல்படி தப்பில்ல. ஒரு கூட்டத்துல ஒரு தடவதான் செல்லும், அப்பறம் உங்க முகத்தப் பாத்தாலே கைய மூடிக்குவாய்ங்க.

கடலோரத்துல துறைமுகம் ஒம்போது, அங்க வீடு இருந்தா பேங்க் வெல உங்களுக்குக் கொறையும். அதுல நாலு துறைமுகத்துல எந்தச் சரக்கா இருந்தாலும் மூணுக்கு ஒண்ணு, மிச்ச அஞ்சும் சரக்குக்கு ஒண்ணுன்னு ரெண்டுக்கு ஒண்ணு. மொத வீட்டயே கடலோரத்துல வைக்காதீங்க, அங்க நெலம் கம்மி, புள்ளியும் கம்மி. உங்களுக்கு ஒரு சரக்கு 8லயும் 5லயும் கொட்டுதுன்னா மட்டும் அந்தச் சரக்குத் துறைமுகத்த மூணாவது நாலாவது வீட்டுக்குக் குறி வைங்க. ஆடு கொட்டி ஆட்டுத் துறைமுகமும் இருந்தா யாரையும் கெஞ்ச வேண்டாம்.

கடைசி மூணு பாயிண்ட்

யாராவது 7 தொட்டாலே எல்லார் பாயிண்ட்டையும் ஒவ்வொரு ரவுண்டும் எண்ணுங்க. போர்டுல தெரியிறது மட்டும் பத்தாது, டெவ் கார்ட வாங்கி ரொம்ப நேரமா போடாம கவுத்து வச்சிருக்கிறவங்களப் பாருங்க, அது அநேகமா பாயிண்ட் கார்டுதான். அதே மாதிரி நீங்களும் ஒவ்வொண்ணா ஏறி 9ல நிக்காதீங்க, எல்லாரும் சேந்து அமுக்கிருவாய்ங்க. 7ல அமைதியா உக்காந்து ஒரே முறைல மூணு எடுக்கிற மாதிரி கைய சேருங்க.

சித்தி ஜெயிச்ச அந்த ஆட்டம். மாமா பையன் நீள ரோட வச்சுக்கிட்டு 8ல நின்னான், எங்க கண்ணு முழுக்க அவன் மேல. சித்திக்கு போர்டுல ரெண்டு வீடு, ரெண்டு சிட்டி, 6தான். முன்னாடி ரெண்டு வீரன் கெடக்கு, பக்கத்துல கவுத்து வச்ச கார்டு ரெண்டு. கைல அஞ்சு கார்டு. அவங்க முறை வந்துச்சு, டைஸக் கைல எடுத்துட்டு கீழ வச்சாங்க, கவுத்து வச்சதுல ஒண்ணத் திருப்பினாங்க, வீரன். மூணாவது. திருடனத் தூக்கி மாமா பையன் மலை மேல வச்சு அவன்ட்ட ஒரு கார்ட உருவினாங்க. பெரிய படை, 8. சரி அவனோட சமமாயிட்டாங்க, பரவால்லன்னு நெனச்சேன். அப்பறம் டைஸ உருட்டினாங்க, 4, யாருக்கும் ஒண்ணும் வரல.

"யப்பா, ஒரு கோதும இருந்தா குடு, ரெண்டு ஆடு தர்றேன். இத வச்சு நான் என்ன பண்ணப் போறேன், உனக்காவது உதவும்."

எனக்கு வீடு கட்ட ஆடு வேணும். மிஞ்சிப் போனா ஒரு சிட்டி கட்டுவாங்க, 9 ஆகும், இன்னொரு ரவுண்டு இருக்குன்னு கணக்கு போட்டேன். குடுத்தேன். மூணு இரும்பு, ரெண்டு கோதுமையக் கீழ வச்சு வீட்ட எடுத்துட்டு சிட்டிய வச்சாங்க. அப்பறம் மிச்சம் கவுந்து கெடந்த ஒத்தக் கார்ட வெரல் நுனியால திருப்பிவிட்டு "இதுக்கும் ஒரு பாயிண்ட்டுன்னு அன்னிக்குச் சொன்னேல்ல?"ன்னு கேட்டாங்க.

நான் அந்த ரெண்டு ஆட்டையும் கைல புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.